முக்காட்டுக்குள் போன்

வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்றைக்கே என்னைக் குள்ளம் என்று சொன்னவள் அவள். அதுவும் என் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, என்னிடம் சொல்லாமல், மஸ்கட்டில் இருந்த தன் புருஷனிடம்.

பாலக்கரையில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்த வீடு. கீழே வீட்டுக்காரர்கள், மேலே வாடகைக்கு ஒரு போர்ஷன், அதற்கும் மேலே மொட்டைமாடி. நானும் என் கணவரும் வாசலில் நின்று குரல் கொடுத்ததும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வந்தாள். இரண்டு கையிலும் முருங்கைக்கீரை. தலையில் சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துப் போட்டிருந்தாள். “வாங்க, படி கொஞ்சம் செங்குத்தா இருக்கும், பாத்து ஏறுங்க” என்றாள். அடுத்த மூச்சில், “வந்துட்டாங்க மச்சான். ரெண்டே பேருதான். பொண்ணு குள்ளமா இருக்கு, ஆனா களையா இருக்கு. அவரு வாயத் தொறக்க மாட்டேங்குறாரு” என்றாள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். மச்சான் என்று சொல்லும்படி அங்கே யாரும் இல்லை. புத்தி கலங்கினவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று பயமாகக்கூட இருந்தது. அவள் மாடிப்படியில் திரும்பியபோதுதான் பார்த்தேன், முக்காட்டுக்குள் காதோடு சேர்த்து ஒரு போனைச் செருகி வைத்திருந்தாள்.

குள்ளம் என்று சொன்னதில் எனக்குக் கோபம்தான். ஆனாலும் வீடு பிடித்துவிட்டது. தில்லை நகரில் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேபுக்கும் பஸ் வசதி, ரயில்வேயில் இருந்த என் கணவருக்கும் வசதி. அந்த வாரமே குடி வந்தோம். நான் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். தெருவே அவள் புருஷனை பாய் என்று சொன்னதால் எனக்கும் அவர் பாய்.

போன் இல்லாத அக்காவை நான் பார்த்தது கொஞ்சம்தான். காலையில் தொழுகை முடித்துச் சமையலறைக்குள் வந்ததும் போன் முக்காட்டுக்குள் போய்விடும். அப்புறம் அவள் இரண்டு கையும் விடுதலை. மாவு பிசைவாள், மீன் கழுவுவாள், துணி அலசுவாள், வாசலில் வந்து நிற்கிற காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசுவாள். எல்லாவற்றையும் மச்சானுக்குச் சொல்லிக்கொண்டே செய்வாள். மஸ்கட்டில் பாய்க்கு ஒரு பெரிய கடையின் சரக்கு அறையில் வேலை. தனியாக நின்று பெட்டிகளை அடுக்குகிற வேலை என்பதால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு அவரும் நாள் பூரா கேட்டுக்கொண்டிருப்பார். முதலாளி வந்தால் மட்டும் லேசாக இருமுவார். இருமல் கேட்டதும் அக்கா வாயை மூடிக்கொள்வாள். மறுபடி அவர் “சொல்லு” என்றதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

என்ன பெரிய விஷயம் பேசுவாள் என்கிறீர்கள்? ஒன்றும் கிடையாது. “தண்ணி வந்துடுச்சு மச்சான், இன்னிக்குக் கொஞ்சம் கலங்கலா இருக்கு.” “பூனை குட்டியத் தூக்கிட்டு மாடிக்குப் போயிடுச்சு.” “எதிர்த்த வீட்டம்மா இன்னிக்கும் அந்தப் பச்சச் சேலையத்தான் கட்டியிருக்காங்க.” எங்கள் இரண்டு வீட்டுச் சமையலறைக்கும் பொதுவாக ஒரு காற்றுச்சந்து இருந்தது. அது வழியாக அவள் குரல் என் அடுப்படிக்கு ஏறி வரும். ஒரு மனுஷன் கடல் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டு பச்சைச் சேலையைப் பற்றிக் கேட்பானா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கேட்டார். பிறகு ஒருநாள் “பச்சச் சேலைய மாத்திட்டாங்களா?” என்று அவரே விசாரித்ததாக அக்கா சொன்னாள்.

நானும் அந்தச் சேதிக்குள் போய்விட்டேன். ஒருமுறை எனக்கு விடாமல் காய்ச்சல் அடித்துப் புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். என் கணவர் காலையில் வந்து சார்ட்டைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, பழம் வைத்துவிட்டு வேலைக்குப் போவார். குறை சொல்ல முடியாது, ஒருநாள்கூடத் தவறவில்லை. மத்தியானம் அக்கா கஞ்சி எடுத்துக்கொண்டு வருவாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு முக்காட்டுக்குள் பேசுவாள். “இன்னும் சூடாத்தான் இருக்கு மச்சான். கண்ணு உள்ள போயிடுச்சு புள்ளைக்கு.” கொஞ்சம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்புவாள். “மச்சான் கேக்குறாங்க, வாய்க்கு ருசி தெரியுதான்னு.” நான் பார்த்தே இராத ஒரு மனுஷர் மஸ்கட்டில் நின்றுகொண்டு என் நாக்குக்கு ருசி தெரிகிறதா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காய்ச்சலால் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பால் வாங்கியாச்சா, கேஸ் புக் பண்ணியாச்சா, சாவி எங்கே. இதுதான் எங்கள் பேச்சு. சண்டை கிடையாது. அவர் குடிக்கமாட்டார், கத்தமாட்டார். சாயந்திரம் வந்தால் டிவி, டிவி முடிந்தால் செல்போன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சொந்தக்காரர்கள் எங்களை அமைதியான ஜோடி என்பார்கள். அமைதிக்கு என்ன குறைச்சல், வேண்டிய மட்டும் இருந்தது. கீழேயிருந்து அக்காவின் பேச்சு ஏறி வருகிறபோது எனக்குப் பொறாமையாக இருக்கும். பூனைக்குட்டிக்கு இருக்கிற மதிப்புகூட இந்த வீட்டில் எனக்கு இல்லையே என்று வயிறு எரியும்.

அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. “வேற?” என்று பாய் கேட்டால் “வேற ஒண்ணுமில்ல” என்று மட்டும் சொல்லமாட்டாள். சொல்ல எதுவுமே இல்லாவிட்டால் ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாவது எதையாவது பிடித்துக்கொண்டு வருவாள். ஏன் அக்கா இப்படி என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கல்யாணமான புதிதில் தெருமுனை டெலிபோன் கடைக்குத்தான் பாய் கூப்பிடுவாராம். கடைக்காரர் காது கொடுத்துக் கேட்கிறாரே என்ற வெட்கத்தில் இவள் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வேற ஒண்ணுமில்ல என்று வைத்துவிடுவாளாம். முதல் லீவில் வந்தவர் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாராம், நீ அப்படிச் சொல்லிவிட்டு வைத்த பிறகு ரூமுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன் என்று. அக்கா அதைச் சொல்லும்போது கீரை ஆய்வதை நிறுத்திவிட்டாள்.

“வேற ஒண்ணுமில்லன்னு நாம சொல்லிட்டா, அங்க அவங்களுக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிடுதும்மா” என்றாள்.

வீடியோ கால் மட்டும் அவளுக்குப் பிடிக்காது. கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்து சொல்லிக் கொடுத்தும் வேண்டாம் என்றுவிட்டாள். “மூஞ்சியப் பாத்தா பேச்சு வரமாட்டேங்குது. இளைச்சுட்டியே, குழாயக் காட்டு, சுவத்தக் காட்டுன்னு அதுலயே நேரம் போயிடுது” என்பாள். அன்றைக்கு அது எனக்கு வெறும் வேடிக்கையாகத்தான் பட்டது. சமையலறையில் மாட்டியிருந்த கடிகாரமும் ஒரு வேடிக்கை. அது ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லப்போக அவள் சிரித்துவிட்டாள். அது மஸ்கட் நேரமாம். மச்சான் இப்போது சாப்பிடுவாரா, தூங்குவாரா என்று பார்க்க வேண்டாமா என்றாள். நோன்பு மாதத்தில் நம்மூர் பாங்கு சத்தம் கேட்டு நோன்பு திறந்தாலும், அந்தக் கடிகாரத்தில் அவர் நேரம் வந்த பிறகுதான் நிம்மதியாகச் சாப்பிடுவாள்.

சண்டையும் நிறைய போடுவார்கள். அதற்கும் போன்தான் வசதி. “உங்க அக்கா சொன்னா அது வேதவாக்கா?” என்று ஒரு கத்து கத்திவிட்டுப் பட்டென்று வைத்துவிடுவாள். பிறகு பாத்திரத்தை எல்லாம் டங் டங் என்று கழுவுவாள். கழுவி முடிவதற்குள் போன் அடிக்கும். “சரி, அந்தப் பூனை என்னாச்சு?” என்று அங்கிருந்து குரல் வருமாம். இவளும் ஒன்றுமே நடக்காததுபோலப் பூனையைப் பற்றிச் சொல்வாள்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பாய் லீவில் வருவார். வீடு கல்யாண வீடுமாதிரி இருக்கும். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், சொந்தபந்தம், ஒருநாள் எல்லாருமாக வேன் வைத்துக்கொண்டு முக்கொம்பு, ஒருநாள் எங்களுக்கும் சேர்த்து பிரியாணி. கூட்டத்துக்கு நடுவில் அவர்கள் இருவரும் தனியாகப் பேசி நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் பாய், “இப்ப வாய்க்கு ருசி நல்லாருக்காம்மா?” என்று கேட்டார். மெல்லிய குரல், ஒடிசலான ஆள். லீவு முடிந்து ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த அக்கா, ஆட்டோவை விட்டு இறங்கும்போதே போனை முக்காட்டுக்குள் செருகியிருப்பாள்.

அப்புறம் ஒரு வருஷம் பாய் ஒரேயடியாக வந்துவிட்டார். வயதாகிவிட்டது, சர்க்கரை, மூட்டுவலி, கடையிலும் புது ஆட்கள். அக்காவுக்கு நிலைகொள்ளவில்லை. சுண்ணாம்பு அடித்தாள், புது மெத்தை வாங்கினாள், ஜன்னலுக்குத் திரை தைத்தாள். வாழ்நாள் பூரா காத்திருந்தது கைக்கு வந்துவிட்டது என்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது. சொந்தக்காரர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். கடைசி ஆளும் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்.

காற்றுச்சந்து வழியாக எனக்கு எதுவும் கேட்கவில்லை. முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. சமைத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள்தான் என்னவோ குறைகிறதே என்று தோன்றியது. அடுப்பைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்தேன். கரண்டிச் சத்தம், குழாய்ச் சத்தம், பாய் தொண்டையைக் கனைக்கும் சத்தம். பேச்சு இல்லை. எங்கள் வீடுமாதிரியே இருந்தது.

பேச்சு இல்லாமல் போனதுபோக உரசலும் ஆரம்பித்தது. பாய் சரக்கு அறைக்காரர் இல்லையா, சமையலறை அலமாரியைக் கலைத்து அவர் முறைப்படி அடுக்கினார். பழைய டப்பா முன்னால், புது டப்பா பின்னால். மஞ்சள்தூள் எங்கே என்று அக்கா அவரிடம் கேட்க வேண்டியதாயிற்று. ஒருநாள் ஸ்டூல் போட்டு ஏறி, இனி எதற்கு மஸ்கட் நேரம் என்று நினைத்தாரோ என்னவோ, கடிகாரத்தை நம்ம ஊர் நேரத்துக்குத் திருப்பிவைத்துவிட்டார். அன்றைக்கு அக்கா போட்ட சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. ஆனால் இந்தச் சண்டையைப் பட்டென்று வைக்க முடியவில்லை. இரண்டு பேரும் அதே சமையலறையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் அக்கா படியேறி என் வீட்டுக்கு வந்தாள். அவள் அப்படி வருவதே அபூர்வம். தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். போன் கையில் இருந்தது. முக்காட்டுக்குள் இல்லை.

“அவங்க திரும்பிப் போறேங்குறாங்கம்மா” என்றாள். “கூட இருந்தவரு யாரோ சின்னதா ஒரு கடை போட்டிருக்காராம். வந்து உக்காந்துக்கன்னு கூப்பிடுறாராம்.”

இந்த உடம்போடா என்று கேட்டேன்.

“அதான் நானும் கேட்டேன். பதில் இல்ல. இந்த வயசுல போனா இனிமே ஆளு வரமாட்டாங்க, மையத்துதான் திரும்பி வரும். அது அவங்களுக்கும் தெரியும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இங்க நான் இருக்கறதே அவங்களுக்குத் தாங்க முடியலையோ என்னவோ.”

பேசித்தான் பாருங்களேன் அக்கா, உங்களுக்கா பேச வராது என்றேன்.

“என்னத்தப் பேசுறது? கத்திரிக்கா வாங்கினேன்னு சொல்லலாம்னா, வாங்குறப்ப பக்கத்துலயே நின்னாங்க. தண்ணி கலங்கலா வருதுன்னா, அவங்கதான் வாளியே புடிச்சாங்க. எல்லாத்தையும் பாத்துட்டே இருக்குறவங்ககிட்ட எதத்தான் சொல்றது?”

பக்கத்து அறையில் என் கணவர் லீவுபோட்டுப் படுத்திருந்தார். அவர் அங்கே இருப்பதே அக்காவுக்குத் தெரியாது. அவ்வளவு சத்தமில்லாத வீடு எங்களுடையது. அவள் படியிறங்கிப் போனாள். அவர்களாலேயே முடியவில்லை என்றால் மற்றவர்கள் எந்த மூலைக்கு என்று தோன்றியது.

அதற்குப் பிறகு பாய் சாயந்திரமானால் வெளியே போக ஆரம்பித்தார். நான் லேபிலிருந்து வரும்போது அவரும் திரும்பிக்கொண்டிருப்பார், டிக்கெட் ஏற்பாட்டுக்குத்தான் அலைகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் மூட்டுவலி அதிகமாகி வெளியே போவதும் நின்றது. படியைப் பிடித்துப் பிடித்து ஏறி எங்கள் வாசலைத் தாண்டி மொட்டைமாடிக்குப் போவார். மனுஷர் தனியாக இருக்க இடம் தேடுகிறார், பாவம் என்று இருந்தது.

ஒருநாள் மழை வருகிறமாதிரி இருந்ததால் காய்ந்த துணியை எடுக்க மாடிக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மலைக்கோட்டையைப் பார்த்தபடி பாய் உட்கார்ந்திருந்தார். காதில் போன். முகத்தில் ஒரு சிரிப்பு. மஸ்கட் கடைக்காரரோடு பேசுகிறார், எல்லாம் முடிவாகிவிட்டது என்று நினைத்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. “சொல்லு” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அடடா” என்றார். துணியை வாரிக்கொண்டு இறங்கி என் சமையலறைக்குள் வந்தேன். காற்றுச்சந்து வழியாக அக்காவின் குரல் ஏறி வந்துகொண்டிருந்தது. பழைய குரல், பழைய வேகம்.

“வீட்டுக்கு ஒருத்தர் வந்திருக்காருல்ல மச்சான், அவரோட பெரிய ரோதனையா இருக்கு. அலமாரியெல்லாம் கலைச்சுப் போட்டுட்டாரு. மல்லித்தூள் இருக்குற எடமே தெரியல எனக்கு. காலைல டீயக் குடுத்தா குடிக்காம ஆறவெச்சுட்டாரு. என்ன கோவம்னு கேக்கவும் பயமா இருக்கு.”

அதே சந்து வழியாக மேலேயிருந்து பாயின் குரல் கேட்டது. “கோவமெல்லாம் இருக்காது. வந்த எடத்துல கைய எங்க வைக்கிறது, கால எங்க வைக்கிறதுன்னு அந்தாளுக்கும் தெரியாதுல்ல. நான் சொல்லிவைக்கிறேன்.”

“கொஞ்சம் சொல்லுங்க மச்சான். நல்ல மனுஷன்தான்” என்றாள் அக்கா கீழேயிருந்து.

நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர், நடுவில் என் வீடு. அவர்கள் பேச்சு என் அடுப்படி வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது. சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது. மழை பிடித்துக்கொண்டது. பாய் இறங்கவில்லை, தொட்டிக்கு அடியில் ஒதுங்கிக்கொண்டு பேசினார்.

எப்படி ஆரம்பித்தது என்று அக்காவே பிறகு வெட்கத்தோடு சொன்னாள். பாய் காந்தி மார்க்கெட் போயிருந்தபோது விரால் வாங்குவதா கெண்டை வாங்குவதா என்று கேட்கக் கூப்பிட்டாராம். காதில் அந்தக் குரல் கேட்டதும் இவளுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டதாம். மீனை விட்டுவிட்டு எங்கெங்கோ போய்விட்டது பேச்சு. அவர் பையைக் கையில் பிடித்தபடி மார்க்கெட் வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் மறுபடி நாக்கு ஒட்டிக்கொண்டது. மறுநாள் வாங்க எதுவும் இல்லாமலே அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இவளும் எங்கே என்று கேட்கவில்லை, போனை எடுத்து முக்காட்டுக்குள் செருகிக்கொண்டு காத்திருந்தாள்.

“யாருகிட்டயும் சொல்லிடாதம்மா. கேட்டா சிரிப்பாங்க” என்றாள்.

நான் என் கணவரிடம் மட்டும் சொன்னேன். நான் அவருக்குச் சொன்ன வெட்டிச் சேதி அநேகமாக அது ஒன்றுதான். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, “பைத்தியக்காரங்க” என்று சிரித்தார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

பாய் மஸ்கட்டுக்குப் போகவில்லை. அந்தப் பேச்சே அப்புறம் எழவில்லை. ஒருநாள் நான் கீழே போனபோது சமையலறைக் கடிகாரம் பழையபடி ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. யார் திருப்பிவைத்தது என்று கேட்டேன். “வந்திருக்காரே, அவருதான்” என்றாள் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த பாய் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார்.

பிறகு நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டோம். அடுக்குமாடியில் கடைசி மாடி, மேலே மொட்டைமாடி. நடுவில் ஒரு காவிரிதான், பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஆனாலும் போகவில்லை. வேலை, அலுப்பு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றே வருஷங்கள் ஓடிவிட்டன. இந்த வருஷம்தான் லேபுக்கு ரத்தம் கொடுக்க வந்த பழைய தெருக்காரர் ஒருவர், பாய் மவுத்தாகிவிட்டதைச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்கா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவர்கள் அந்தக் காலம் முடிகிறவரை வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார்கள். உள் அறையில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். மகள் டீ வைத்துவிட்டுப் போனாள். என்னைப் பார்த்ததும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். இளைத்திருந்தாள். முக்காட்டுக்குள் பார்த்தேன். போன் இல்லை, பக்கத்தில் தரையில் கிடந்தது.

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நேராக ஐசியூ. அங்கே யாரையும் கூட இருக்க விடமாட்டார்கள் இல்லையா. காலையில் கொஞ்ச நேரம், சாயந்திரம் கொஞ்ச நேரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அவ்வளவுதான்.

“பக்கத்துலதான் நின்னேன்” என்றாள் அக்கா. “முழிச்சுத்தான் இருந்தாங்க. என்னையே பாத்துட்டு இருந்தாங்க. எனக்கு ஒரு வார்த்த வரல. கையப் புடிச்சுட்டு நிக்கிறேன், வாய் வரமாட்டேங்குது. நேரமாச்சுன்னு வெளிய அனுப்பிட்டாங்க. வந்து பெஞ்சுல உக்காந்ததும் எல்லாம் ஞாபகம் வருது. மகளுக்குத் தகவல் சொன்னது, ஆட்டோக்காரர் காசே வேணாம்னுட்டுப் போனது, பூனை சோத்தத் தொடாதது, எல்லாம். பழக்கத்துல போனை எடுத்து அவங்களுக்குப் போட்டுட்டேன்.”

டம்ளரைக் கீழே வைத்தாள்.

“என் பைக்குள்ளயே அடிக்குதும்மா. உள்ள சேக்குறப்ப அவங்க போனை நர்சு என்கிட்டத்தான எடுத்துக் குடுத்தாங்க.”

நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது? மறுநாள் விடியும்போது பாய் போய்விட்டாராம். யார் யாரெல்லாம் வந்தார்கள், யார் வரவில்லை, எதிர்த்த வீட்டம்மா எப்படி அழுதாள், எல்லாம் அக்காவுக்கு மனப்பாடமாக இருந்தது. “இத்தனையும் அவங்களுக்குச் சொல்லணும்னே கவனிச்சு வச்சிருக்கேன் போல” என்றாள். சமையலறைப் பக்கம் பார்த்தேன். கடிகாரம் மஸ்கட் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது என் புது நம்பரை வாங்கிக்கொண்டாள். “வீட்டுக்குப் போயி ஒரு போன் போடு” என்றாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. கதவைத் திறந்த என் கணவர், “எப்படி இருக்காங்க?” என்றார். இருக்காங்க என்றேன். “ம்” என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் காலி டீ டம்ளர் இருந்தது. துணி எடுக்கிற சாக்கில் மாடிக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். முதல் மணி முடியுமுன்னே எடுத்துவிட்டாள்.

“சொல்லு” என்றாள்.

பாய் மாடியில் உட்கார்ந்து சொன்ன அதே ‘சொல்லு’. நான் சொன்னேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதது, பாலத்தில் வண்டி நகராமல் நின்றது, ஆற்றில் தண்ணீர் கொஞ்சமாகப் போனது, பக்கத்தில் நின்ற பெண் பூக்கூடையை என் காலில் வைத்தது. “வேற?” என்றாள் அக்கா. எனக்குத் தெரிந்து வாழ்நாள் பூரா சொல்லிக்கொண்டே இருந்தவள், அன்றைக்குத் தன் பக்கத்திலிருந்து ஒரு சேதியும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். “வேற?”

என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. வேற ஒண்ணுமில்லக்கா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

“இவரு தனக்கு மட்டும் டீ போட்டுக் குடிச்சிருக்காருக்கா. எனக்கு ஒரு வாய் எடுத்து வைக்கல” என்றேன். சொன்ன பிறகுதான், இது எனக்கு இத்தனை வருஷமாக எவ்வளவு வலித்திருக்கிறது என்று தெரிந்தது.



“எங்க நின்னு பேசுற?” என்றாள்.

“மாடியில.”

“அவரு?”

“கீழ. ஹால்ல.”

“அப்ப இத எதுக்கு என்கிட்ட சொல்ற? அவருக்குப் போட்டுச் சொல்லு” என்றாள். பட்டென்று வைத்துவிட்டாள்.

கொடியில் துணி ஆடிக்கொண்டிருந்தது. என் கணவரின் நம்பரைத் தேட வேண்டியிருந்தது, நான் அவரைக் கூப்பிட்டு அத்தனை நாளாகியிருந்தது. அக்காமாதிரி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு காதில் வைத்தேன். கீழே எங்கள் ஹாலில் மணி அடிப்பது மாடிக்கே கேட்டது. ஒரு மணி, இரண்டு மணி. எடுக்கமாட்டார் என்று நினைத்தேன்.

டிவி சத்தம் குறைந்தது.